நல்ல நாளில் ஒரு வெப்சைட்

கும்பகோணத்தில் 18 வருடமாகக் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். பாத்திரக்கடை, சீவல் கம்பெனி, கல்யாண மண்டபம், ஓய்வுபெற்றோர் சங்கம், நகர் நலச் சங்கம், திருப்பணிக் கமிட்டி என்று ஒருவரும் பாக்கியில்லை. பாக்கி வைக்காதவரும் ஒருவரில்லை. இந்த அனுபவத்தை இலவசமாகவே தருகிறேன். எப்படியும் இலவசமாகத்தான் கேட்பீர்கள். கீழே சொல்லியிருப்பதை வரிசை தப்பாமல் செய்தால் தளம் லட்சணமாக இருக்கும், வருகிறவர் ஒரு விவரமும் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போவார், தொழில் ரகசியம் காப்பாற்றப்படும்.

படி 1: எதற்கு என்று கேட்பவனைச் சேர்க்காதீர்கள்

எதிர்க்கடைக்காரர் வெப்சைட் வைத்துவிட்டார், ஆகவே நாமும் வைக்க வேண்டும். இதற்கு மேல் காரணம் தேவையில்லை. "யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும்?" என்று ஆரம்பிக்கிற டிசைனர் வேலை தெரியாதவன். ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆரம்பத்தில் நானும் அப்படிக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை; பித்தளை, வெண்கலம், ஈயச் சொம்பு. முதலாளி கல்லாவில் இருந்தார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் அவருக்கு 7 போன். ஏழும் ஈயச் சொம்பு சம்பந்தமாக. எத்தனை லிட்டர் பிடிக்கும், என்ன எடை, இன்றைக்கு என்ன விலை, மாம்பலத்துக்கு அனுப்புவீர்களா, ஈயம் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே. ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் பதில் சொன்னார். முடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை: "வெறும் சொம்பை அடுப்புல வெச்சிராதீங்கம்மா. புளித்தண்ணிய ஊத்திட்டு அப்புறமா அடுப்பைப் பத்த வைங்க. உருகிப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல." ஏழாவது போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க தம்பி, வெப்சைட்டுல என்னத்தைப் போடுறது? எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குதே."

தோன்றாமல் இருப்பதுதான் முறை. சொம்பு செய்கிற வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் கொதிக்கிறவரை சொம்பின் சூடு 100ஐ ஒட்டியே நிற்கும், பயமில்லை. காலிச் சொம்புக்கு அந்தக் காவல் கிடையாது. உடம்புக்கு ஆகாத காரீயம் வேறு உலோகம். இதையும், எடைவாரியாக நாலு படத்தையும், போன் நம்பரையும் போட்டால் ஒரே பக்கத்தில் தளம் முடிந்துவிடும். முதலாளிக்கு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கும். ஆனால் எதிர்க்கடைக்காரர் என்ன நினைப்பார்? அவருடையதில் 11 பக்கம்.

ஆகவே 12 பக்கம் செய்தோம். உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே கடையை நிறுவிய தாத்தா, மாலையோடு, அப்பா, மாலையோடு, முதலாளி, நல்லவேளை, மாலையில்லாமல். "எங்கள் தொலைநோக்கு" என்று தனிப்பக்கம். பாத்திரக்கடைக்கு என்ன தொலைநோக்கு என்று முதலாளியே கேட்டார். எதிர்க்கடைத் தளத்திலிருந்து எடுத்துப் போட்டோம். அவர்கள் ஏதோ மென்பொருள் கம்பெனியிடமிருந்து எடுத்திருந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கடை வாடிக்கையாளருக்கு உலகத்தரமான தீர்வுகளை வழங்கி வருகிறது. பக்கத்தில் கோட்டும் டையுமாக இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள். ஈயச் சொம்பைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

படி 2: பெயர், ராசி, மச்சான் பையன்

டொமைன் பெயரை வாடிக்கையாளர் காதால் கேட்டு விரலால் தட்டிவிடக்கூடியதாக வைக்காதீர்கள். எண்கணிதக்காரரிடம் போங்கள். கூட்டுத்தொகை 5 வரவேண்டும் என்பார். ஒரு ஏ சேர்ப்பார், ஒரு எச் நுழைப்பார். அப்புறம் முதலாளி போனில் அதைச் சொல்லும் அழகைக் கேட்க வேண்டும்: "டபுள் ஏம்மா... இல்லை, முதல்ல ஒரு ஏ, அப்புறம் எச், அதுக்கப்புறம் டபுள் ஏ... விடும்மா, நீ நேரிலேயே வந்துரு."

தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம். புள்ளி இந்தியா என்று முடியும் தமிழ் முகவரி உண்டு. புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர்கூட உண்டு. ஆனால் உள்ளுக்குள்ளே கம்ப்யூட்டர் அதை எக்ஸ் என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வாலாகத்தான் வைத்துக்கொள்ளும். உலாவியிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில நேரம் அந்த வால்தான் வரும். ஒரு தமிழாசிரியர் ஆசையோடு வாங்கி உறவுக்காரர் குழுவில் போட்டார். வைரஸ் என்று பயந்து நாலு பேர் வெளியேறிவிட்டார்கள். எனக்கு அந்த முகவரி பிடிக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பெயரை யார் பெயரில் பதிவு செய்வது? கடை பெயரிலும் முதலாளி பெயரிலும் மட்டும் வேண்டாம். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிற மச்சான் பையன் பெயரில், அவன் கல்லூரி மின்னஞ்சலில், அவன் மொபைலுக்கு ஓடிபி வரும்படி பதிவு செய்யுங்கள். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சலைக் கல்லூரி மூடிவிடும், பையன் ஜெர்மனிக்குப் போய்விடுவான், மொபைல் நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். திருடன்கூட உள்ளே வரமுடியாது.

அதே பையனிடம் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒப்படையுங்கள். நம் கடையில் அதுதான் நடந்தது. ஈயம் என்ற சொல்லை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டான், லெட் என்று வந்தது. தமிழில் இரண்டுக்கும் ஈயம்தான். வெள்ளீயமா காரீயமா என்று கருவி கேட்பதில்லை, பையனும் கேட்கவில்லை. "பாரம்பரியமிக்க தூய காரீயப் பாத்திரங்கள், மூன்று தலைமுறைகளாக" என்று ஆங்கிலத்தில் அழகாக ஏறிவிட்டது. நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டு, விஷத்தை இவ்வளவு தைரியமாக விளம்பரம் செய்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். திருத்த மூன்று வாரமானது. பாஸ்வேர்டு பையனிடம், பையன் செமஸ்டர் பரீட்சையில்.

படி 5: சங்கம் என்றால் படங்கள்

(படி 3, 4 இரண்டும் கமிட்டியின் பரிசீலனையில் உள்ளன.)

கடைக்கு ஒரு முதலாளிதான். சங்கத்துக்கு ஒரு கௌரவத் தலைவர், ஒரு தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், சட்ட ஆலோசகர், தணிக்கையாளர், 16 செயற்குழு உறுப்பினர்கள். நான் சொல்வது ஒரு நகர் நலச் சங்கம், ஆறு தெரு. அத்தனை பேருக்கும் பாஸ்போர்ட் அளவு படம் முகப்பிலேயே வரவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். படம் கேட்டால் ஒருவர் ஆதார் அட்டையை போட்டோ எடுத்து அனுப்பி, "இதுலேருந்து மூஞ்சிய மட்டும் எடுத்துக்குங்க" என்றார். இன்னொருவர் மகள் கல்யாணப் படம் அனுப்பினார். வலது ஓரத்தில், பாதி மறைந்து, கையில் பன்னீர்ச் செம்போடு நிற்பவர்தான் அவர்.

துணைத் தலைவர்கள் மூவரில் யார் படம் முதலில் என்பதில் பிரச்சினை வந்தது. அகர வரிசை என்றேன். ஒருவர் இனிஷியலை முன்னால் போடச் சொன்னார், இன்னொருவர் பின்னால். கடைசியில் மூன்று படமும் மூன்று விநாடிக்கு ஒருதரம் மாறி மாறி ஓடும்படி வைத்தேன். எல்லோருக்கும் திருப்தி. ஒரே ஒருவர் மட்டும், தான் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் அடுத்தவர் முகம்தான் வருகிறது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர், குப்பை வண்டி எத்தனை மணிக்கு, சந்தாவை யாரிடம் கட்டுவது என்றெல்லாம் சேர்த்தால் பயனுள்ளதாக இருக்குமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அதெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும் தம்பி" என்றார் செயலாளர். ஓய்வுபெற்ற அதிகாரி, மாறிக்கொண்டே இருப்பதை எழுத்தில் தராதவர். சங்கம் ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கி வைத்திருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாடகையில்லாமல் கொடுப்பார்கள். உண்மையிலேயே பெரிய காரியம். அதற்கென்று தளத்தில் ஒரு பக்கம் உண்டு. நன்கொடை கொடுத்த 64 பேர், தொகைவாரியாக, குத்துவிளக்கு படத்தோடு. பெட்டி யார் வீட்டில் இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு இடம் பற்றவில்லை. டியூப் லைட் வெளிச்சத்தை மறைத்து உபயம் எழுதிப் பழகிய கை.

படி 6: எழுத்து

சங்க வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டால் வெள்ளிவிழா மலருக்குத் தட்டச்சு செய்த கோப்பைக் கொடுங்கள். பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் இருக்கும். லோகோ அச்சகத்தில் இருக்கிறது, கோரல் கோப்பாக. அச்சகக்காரர் ஊரில் இல்லை.

பாமினி பற்றித் தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தை உட்கார்த்தி வைத்தவை. பாமினியில் நீங்கள் வணக்கம் என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்துக்கொள்வது டி, இசட், எஃப், ஒரு அரைப்புள்ளி, மறுபடி எஃப், கே, இன்னொரு அரைப்புள்ளி. பாமினி உள்ள கணினியில் வணக்கம். இல்லாத கணினியில் அரைப்புள்ளிகளின் ஊர்வலம். யூனிகோட் வந்து தமிழுக்கென்று 128 இடங்களைத் தனியே ஒதுக்கி, 2010ல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. மாற்றிக் கொடுக்கும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. செயலாளரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது?" என்றார்.

இதற்கு ஒரு வழி உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். மலரின் பக்கங்களை அப்படியே மொபைலில் படமெடுத்து, ஒவ்வொன்றும் 5 எம்பி இருக்கும்படி, நாலைந்து படத்தைப் பக்கவாட்டில் படுத்த நிலையில் ஏற்றிவிடுங்கள். பேருந்து நிலையத்தில் நின்று திறப்பவருக்குப் பஸ் வந்துவிடும், படம் வராது. கூகுளும் அதிலுள்ள வரலாற்றை லேசில் கண்டுபிடிக்காது. கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் செயலி "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். விசிட்டிங் கார்டையும் இப்படியே ஸ்கேன் செய்து தொடர்பு பக்கத்தில் ஒட்டுங்கள். 0435ல் தொடங்கும் அந்த லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் ஆகியிருந்தால் இன்னும் விசேஷம்.

படி 7: திறப்பு விழா

தளம் தயாரானதும் ஏற்றிவிடக் கூடாது. நாள் பார்க்க வேண்டும். நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வைத்தது. சிறப்பு விருந்தினர் ஒரு பொத்தானை அழுத்துவார், திரையில் தளம் மலரும். தளம் ஏற்கெனவே மூன்று வாரமாக மலர்ந்தே இருந்ததால், முந்தின நாள் ராத்திரி நானே அதை இறக்கிவைத்தேன். விருந்தினர் வந்து சேரும்போது மணி 4.40. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். சுண்டலும் காபியும் கொடுத்து ஆறு மணி வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆறுக்குப் பொத்தானை அழுத்தியபோது மண்டபத்தில் நெட் போய்விட்டது. இதை எதிர்பார்த்து முகப்பைப் படமாக எடுத்து வைத்திருந்தேன். அதைத் திரையில் காட்டினேன். பலத்த கைதட்டல். அதில் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது என்பதை யாரும் கவனிக்கவில்லை, அழுத்திப் பார்த்தால்தானே.

அலங்காரத்தில் குறை வைக்காதீர்கள். 2009ல் ஒரு நகைக்கடைக்கு ஃபிளாஷில் முகப்பு செய்தேன்: குத்துவிளக்கு, ஐந்து திரியும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளும், பின்னால் நாதஸ்வரம். 40 விநாடி. அதைத் தாண்டிப் போக வழி வைக்கவில்லை, மங்கள காரியத்தில் என்ன அவசரம். ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31ஓடு நிறுத்தியது. அந்த ஜனவரியில் முதலாளி கூப்பிட்டார். பதறிப்போயிருந்தார். "தம்பி, விளக்கு அணைஞ்சிருச்சுங்க." அவருக்கு என்ன சொல்லி விளங்கவைப்பது? உண்மையிலேயே அணைந்துதான் போயிருந்தது.

பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் கட்டத்தை 1ல் தொடங்காதீர்கள், புதுக்கடை என்று நினைப்பார்கள். பில் புத்தகத்தை 101ல் தொடங்குவது நம் வழக்கம். இதை 10,001ல் தொடங்குங்கள்.

படி 8: பணம்

ஃபிளக்ஸ் கடை விலையோடு ஒப்பிடுங்கள். "பத்துக்கு எட்டு ஃபிளக்ஸே இவ்வளவுதான் ஆகுது, இது அந்தச் சின்னத் திரையிலதானே தெரியப்போவுது" என்பது நான் கேட்டதிலேயே நல்ல வாதம். பதில் சொல்ல முடியவில்லை. முன்பணம் கொடுங்கள், மீதியைத் தீபாவளி கழித்து, பொங்கல் கழித்து, ஆடி கழித்து.

பாத்திரக்கடை முதலாளி அந்த வகையில் நல்லவர். கடைசித் தவணைக்கு ஈடாக ஒரு ஈயச் சொம்பைத் துடைத்துக் கையில் கொடுத்தார். மறுநாள் காலை என் மனைவி அதை அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினாள். நான் சத்தம் கேட்டுப் போனபோது சொம்பின் அடிப்பாகம் பர்னர் மேல் வெள்ளிக்காசு மாதிரி பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தெரியும்தானே, சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். அதுதான் வெப்சைட்டிலேயே என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "பாத்துட்டுத்தான் வெச்சேன். அதுல அவங்க தாத்தா படம்தான் இருக்கு."

படி 9: பிறகு தொடாதீர்கள்

திறப்பு விழா முடிந்தால் வேலை முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போட வேண்டாம். மச்சான் பையனின் மூடிப்போன முகவரிக்குத்தான் வருகின்றன. டாட் காம் பெயர் காலாவதியானால் அன்றே பறிபோய்விடாது. சில வாரம் பழைய விலைக்கே தருவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதுவும் போனால் 5 நாள் அந்தரத்தில் தொங்கும், பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை படியையும் ஒரு முதியோர் அமைப்பு நிதானமாக இறங்கியது. செயலாளர் மாறினார், சாவி மாறியது, ரப்பர் ஸ்டாம்பு மாறியது, பாஸ்வேர்டு மட்டும் பழையவரோடு தங்கிவிட்டது; இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் திறந்து பார்த்தால் அந்தப் பெயரில் ரம்மி விளையாட்டுத் தளம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசினார்கள். ஓர் உறுப்பினர் எழுந்து, முன்னைக்கு இப்போது சீக்கிரமாகத் திறக்கிறது என்றார்.

காசே செலவழிக்க வேண்டாம் என்று கூகுள் வணிகப் பக்கத்தில் இலவசமாகத் தளம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது. சிலருக்கு அது இன்னும் தெரியாது. விசிட்டிங் கார்டில் முகவரி இருக்கிறது.

படி 10: அடியில் இருக்கும் பெயர்

பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், வடிவமைப்பு என்று போட்டு டிசைனர் தன் பெயரையும் மொபைல் நம்பரையும் எழுதிக்கொள்வான். இதை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். "எங்க வெப்சைட்டுல உங்களுக்கு எதுக்கு விளம்பரம்?" எல்லோரும் கேட்டார்கள், நான் எடுக்கவில்லை. எனக்கென்று அதிலிருந்து ஒரு வேலையும் வந்ததில்லை. ஆனால் ஒன்று நடந்தது. கடையின் நம்பர் படத்துக்குள் இருக்கிறது, தொட்டால் ஒன்றும் ஆகாது. சங்கத்தின் நம்பரும் படத்துக்குள். மொத்தத் தளத்திலும் தொட்டவுடன் மணி அடிக்கிற நம்பர் என்னுடையது மட்டும்தான்.

ஒன்றரை லிட்டர் சொம்பு என்ன எடை வரும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். மாம்பலத்துக்கு எந்தப் பார்சல் சர்வீஸ் அடிபடாமல் கொண்டுபோகும் என்று தெரியும். "வெறும் சொம்பை வெச்சிராதீங்கம்மா" என்று முடிக்கும்போது முதலாளியின் குரலே எனக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் தெருவுக்கு வியாழன் தண்ணீர்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி 2 மணி 10 நிமிடத்துக்கு போன். ஒரு பையன் குரல், இருபது வயதுக்குள் இருக்கும். "சார், ஐஸ் பெட்டி வேணும் சார். நாலாவது தெரு. அப்பா..." அவ்வளவுதான் வந்தது. பின்னால் பெண்கள் அழும் சத்தம். பெட்டி பொருளாளர் வீட்டு ஷெட்டில் இருக்கிறது, சாவி அவர் மருமகளிடம். நன்கொடையாளர் பட்டியல் ஒட்டப் போன அன்று பார்த்திருக்கிறேன். நம்பரைச் சொன்னேன். பையனுக்கு எழுத முடியவில்லை என்று தோன்றியதால் நானே பொருளாளரைக் கூப்பிட்டு எழுப்பினேன். மூன்று மணிக்குள் பெட்டி போய்விட்டது. வைக்கும்முன் பையன் கேட்டான்: "சார் நீங்க சங்கத்துல யாரு?"

விடிந்ததும் செயலாளரிடம் போனேன். விஷயத்தைச் சொல்லி, அந்த நம்பரை முகப்பில், எல்லாப் படத்துக்கும் மேலே, பெரிதாகப் போட்டுவிடுகிறேன், காசு வேண்டாம் என்றேன். அவருக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. "நல்ல யோசனை தம்பி. கட்டாயம் பண்ணணும். ஆனா முகப்புல மாத்தணும்னா கமிட்டியில வெக்கணுமில்ல, துணைத் தலைவர் படம் கீழ இறங்கிடும்." டைரியைப் புரட்டி அடுத்த கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டார். "அதுவரைக்கும் உங்க நம்பரே இருக்கட்டும். நீங்கதான் உடனே எடுத்துடறீங்களே."